நோட்டில் எழுதாத ஒன்று

அத்தியாயம் 11

சகுந்தலாவின் கை எப்படி இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். புதிதாக வந்தவர்களுக்கும் இடம் வேண்டும்.

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஏழுமலையின் டிபன் கடை. மாடியில் வீடு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து போனவர்கள். கல்லாவில் ஏழுமலை. மேசைகளைப் பார்த்துக்கொள்வது தம்பி தமிழரசன். அடுப்பும் மாவும் மட்டும் ஏழுமலையின் மனைவி சகுந்தலாவுடையவை. கல்யாணமாகி வந்த மறு வாரத்திலிருந்து, இருபத்திமூன்று வருஷமாக.

எட்டு மாதமாக அவள் உடம்பில் தடிப்பு. காணாக்கடி என்று நம் பக்கம் சொல்வோமே, அது. அக்கம்பக்கத்து வங்காளிகள் ஆம்பாத் என்கிறார்கள். காலையில் முழங்கையில், மத்தியானம் தொடையில், சாயங்காலம் கழுத்தில். வரும், எரியும், சில மணி நேரத்தில் சுவடில்லாமல் போகும். போன வேகத்தில் வேறு இடத்தில் எழும்பும். கத்தரிக்காயை நிறுத்தினாள். கருவாட்டை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள். காளிகாட்டில் வேண்டிக்கொண்டாள். தடிப்பு எதையும் மதிக்கவில்லை.

தோல் டாக்டர் சென்குப்தாதான் வேறு மாதிரி பேசினார். “தோலில் தெரிகிறது என்பதற்காகத் தோலில்தான் தொடங்கியது என்று இல்லை. சிலருக்கு இரைப்பையில் ஒரு கிருமி குடியிருக்கும். அதற்கும் இந்தத் தடிப்புக்கும் தொடர்பு இருக்கலாம். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. பார்த்துவிடுவோம். இருந்தால் இரண்டு வாரம் மருந்து. வயிறு சரியானதும் தோலும் அடங்கியவர்கள் உண்டு.”

வாயில் போடுவதையெல்லாம் மூன்று வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். பையில் ஊதிக் கொடுக்கும் ஒரு சோதனையும் எழுதிக் கொடுத்தார்.

இதற்குள் எவரோ ஒரு வாடிக்கையாளர் சகுந்தலாவின் கையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, சாப்பிட வருகிறவர்கள் ஒட்டுமோ என்று முகம் சுளிக்க, போன வாரம் பார்த்தோமே அந்த ஞாயிற்றுக்கிழமைச் சண்டை, அதில்தான் தமிழரசன் சொன்னான்.

“கிருமி இருக்குதுன்னு வந்தா ரெண்டு வாரம் மருந்து. கேக்கறவங்களுக்கு இன்ன தேதிக்குள்ள சரியாயிடும்னு சொல்லிடலாம். அண்ணி அடுப்புலயே இருக்கட்டும். ஒண்ணுமில்லன்னு வந்தா, மாவுதான் அண்ணிக்கு ஒத்துக்கலன்னு அர்த்தம். அப்புறம் அண்ணி மாடியிலதான்.”

ஏழுமலை தலையை ஆட்டிவிட்டார். சகுந்தலா ஆட்டவில்லை.

முடிவு வருகிற நாள் இன்றைக்கு.

*

காலை ஐந்தரை. சமையலறைக்கு வருவதற்கு முன்னால் கழிவறையில் ஒன்று நடந்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சகுந்தலா குனிந்து பார்த்தாள். இன்றைக்கும் தார் மாதிரி கறுப்பாகத்தான் இருந்தது. கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். வாய்க்குள் போவதைத்தானே எழுதச் சொன்னார்கள்.

சமையலறை அலமாரியில் டீத்தூள் டப்பா, சர்க்கரை டப்பா, இரண்டுக்கும் நடுவில் மாத்திரை அட்டை. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகுதான் டீக்குத் தண்ணீர் வைப்பாள். புதுப்பெண்ணாக வந்து, கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் நெஞ்செரிச்சலில் சுருண்டு கிடந்தபோது எதிர்வீட்டு ஜெயந்தி பௌதி, அங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், சொல்லிக்கொடுத்த வழக்கம். “வெறும் வயிற்றில் ஒன்று போடு. நாள் முழுக்க அம்பல் கிடையாது.” நெஞ்செரிச்சலைத்தான் அங்கே அம்பல் என்பார்கள். அந்தச் சந்தில் காலையில் பல் தேய்க்காதவர்கள் இருக்கலாம். கேஸ் மாத்திரை போடாதவர்கள் குறைவு.

மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாள். செப்டம்பர்ப் புழுக்கத்தில் மாவு விளிம்பு வரை வந்து நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னும் கால் மணி நேரம் விட்டால் புளித்துவிடும். கரண்டியை விட்டுக் கலக்க ஆரம்பித்தபோதே முன்கையில் சுருக்கென்றது. ரூபாய் அகலத்துக்கு ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு தீவு.

“மா, கையைக் காட்டு.”

மகள் தேவிப்ரியா. இருபத்திரண்டு வயது, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் செக்டர் ஃபைவில் வேலை. தோளில் ஆபீஸ் பை, தலையில் ஈரத் துண்டு.

“ஒண்ணுமில்ல போ.”

“காட்டுன்னா காட்டு.”

சகுந்தலா கையை உயர்த்தினாள். கண்ணாடி வளையல்கள் நழுவி முழங்கை வரைக்கும் போய் நின்றன. தேவிப்ரியா தடிப்பைத்தான் பார்த்தாள்.

“நைட்டு அலர்ஜி மாத்திர போட்டியா?”

“போட்டா விடிகாலையில எவ எழுந்திருக்கறது? ஒங்க சித்தப்பனா மாவு கலக்குவான்?”

“நோட்டுல எழுதினியா?”

“போடாததையும் எழுதணுமா?”

தேவிப்ரியா நோட்டைப் புரட்டினாள். அம்மாவின் குண்டு எழுத்து. இட்லி இரண்டு. மோர் அரை டம்ளர். புளிப்பு பார்க்க மாவு நாக்கில் வைத்தது, ஆறு தடவை. ரசம் உப்பு பார்த்தது, இரண்டு தடவை. ஏலக்காய் ஒன்று, சும்மா.

“அடேயப்பா. நாக்குல வச்சதைக்கூட எழுதியிருக்க.”

“வாயில போறது எல்லாம்னாரே டாக்டரு. நான் என்ன பொய்யா எழுதுவன்?”

“ரிசல்ட் பன்னெண்டு மணிக்கு என் போனுக்கு வரும்.”

“வந்தா எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். ஒங்கப்பாவுக்கு இல்ல. சித்தப்பனுக்கு இல்லவே இல்ல.”

தேவிப்ரியா கிளம்பிப் போன அரை மணியில் தமிழரசன் வந்தான். கூடவே ஒரு ஆள். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய தலை, கையில் ரெக்ஸின் பை.

“அண்ணி, இவரு முத்துகிருஷ்ணன். கரக்பூர்ல தோசை மாஸ்டரா இருந்தவரு.”

முத்துகிருஷ்ணன் பையை வைக்க இடம் தேடினார். சுவரில் ஒரே ஒரு ஆணிதான். அதில் சகுந்தலாவின் ஏப்ரன் தொங்கும். இன்றைக்கு அதை அவள் இடுப்பில் கட்டியிருந்ததால் ஆணி காலியாக இருந்தது. பை அதில் ஏறியது.

“சாயங்காலம் நாலு மணிக்கு நியூ டவுன்லேர்ந்து துர்கா பூஜா கமிட்டிக்காரங்க ருசி பாக்க வர்றாங்க,” என்றான் தமிழரசன். “ஆயிரம் வீடு இருக்கற எடம். நாலு நாளும் நம்ம ஸ்டாலு. நீங்க அந்நேரம் மேல இருந்துடுங்க அண்ணி. மாஸ்டரு ஊத்துவாரு.”

“மாவு என்னுது.”

“மாவு உங்களுதுதான், யாரு இல்லன்னாங்க? கை மட்டும் மாஸ்டருது.”

“ரிசல்ட்டு வரலியே இன்னும்.”

“வரட்டும். கிருமி இருக்குதுன்னு வந்திச்சின்னா மாஸ்டரு அடுத்த லோக்கல் ட்ரெயின் புடிச்சிப் போயிடப் போறாரு. இல்லீங்க மாஸ்டர்?”

முத்துகிருஷ்ணன் சகுந்தலாவின் கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்கவில்லை. “நான் சண்டைக்கு வரலம்மா. கூப்ட்டாங்க, வந்தேன்.”

ஏழுமலை கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். படித்த மாதிரி தெரியவில்லை. ஒரே பக்கத்தை இரண்டு தடவை புரட்டினார்.

*

பன்னிரண்டு ஐந்துக்கு ரிப்போர்ட் வந்தது. தேவிப்ரியா ஆபீஸ் மாடிப்படியில் நின்று திறந்தாள். ஒரே வரி. கிருமி இல்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“மா. நெகட்டிவ்.”

“அப்படின்னா?”

“கிருமி இல்லயாம்.”

மிக்ஸி நின்றது. “இல்லயா? நல்லதுதான,” என்றாள் சகுந்தலா. குரல் நல்லது என்று சொல்லவில்லை. தன் வயிற்றில் ஒரு கிருமி இல்லாமல் போனதற்காகக் கண் கலங்கிய பெண் அந்த ஊரில் அன்றைக்கு அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

“அப்பாகிட்ட சொல்லட்டுமா?”

“வேணாம். நாலு மணி கழியட்டும்.”

தேவிப்ரியா இரண்டரைக்குத்தான் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். எதிரே சிநேகிதி ஷர்மிஷ்டா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஐயோ, காலையில் கேஸ் மாத்திரை போடவே மறந்துட்டேன்.” கைப்பையைத் துழாவி அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்து, பிரியாணியில் கை வைத்தாள். மூன்று நொடி வேலை.

தேவிப்ரியா அந்த அட்டையையே பார்த்தாள். வெள்ளிக் காகிதம், ஓரத்தில் பச்சைக் கோடு. பிறந்ததிலிருந்து பார்க்கிற அட்டை. டீத்தூள் டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவில்.

“ஷர்மி, இது எதுக்கு?”

“எதுக்குன்னா? அம்பலுக்கு.”

“இல்ல, உள்ளே போய் என்ன பண்ணும்?”

“ஆசிடைக் குறைக்கும். என்ன ஆச்சு உனக்கு?”

தேவிப்ரியா ஆபீஸ் பையைக் கவிழ்த்தாள். சார்ஜர், குடை, கசங்கிய ரசீதுகள். அடியில், நாலாக மடித்தபடி, சோதனைக்கூடத்தில் நிரப்பிக் கொடுத்த படிவத்தின் நகல். வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு வங்காளம் பேச வரும், படிக்க வராது. போன வியாழக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங் ஓட, அவளேதான் நிரப்பினாள்.

‘கடந்த நான்கு வாரங்களில் ஆன்டிபயாடிக் அல்லது இரண்டு வாரங்களில் அமிலம் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டீர்களா? எடுத்திருந்தால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். டாக்டரிடம் கேட்டுவிட்டு வரவும்.’

அதன் நேரே இரண்டு கட்டம். ‘இல்லை’ என்ற கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். நகல் தாளிலும் அழுத்தமாக இறங்கியிருந்தது. அவள் போட்ட டிக்.

அம்மாவைக் கேட்டாளா? கேட்டாள். “மா, மருந்து எதாச்சும் சாப்பிடறியா?” “அலர்ஜி மாத்திர தவிர ஒண்ணும் இல்லியே.” இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அது மருந்தே இல்லை. டீ மாதிரி அதுவும் ஒரு காலை வழக்கம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு அட்டை இருந்தால், அடுத்த தடவை டாக்டர் கேட்கும்போது நினைவாகச் சொல்லுங்கள். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மணி இரண்டே முக்கால். தேவிப்ரியா மேலதிகாரியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மெட்ரோவுக்கு ஓடினாள். எஸ்பிளனேடில் வண்டி மாற வேண்டும். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா எடுக்கவில்லை.

*

எடுக்க முடியாது. போன் சத்தம் அணைத்தபடி கீழே கல்லாவில் இருந்தது. சகுந்தலா மாடியில் இருந்தாள்.

மூன்றரைக்குத் தமிழரசன் மேலே வந்து கேட்டான். “ரிசல்ட்டு வந்திச்சா அண்ணி?”

“தேவி இன்னும் சொல்லல,” என்றாள். அன்றைய முதல் பொய். வாயில் வந்ததும் அது இவ்வளவு லேசாக இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

மாடியில் உட்கார்ந்தவளுக்குக் கீழே நடப்பது சத்தமாக மட்டும் வந்தது. கார் கதவு. பெண்களின் குரல்கள். நாற்காலி இழுபடுவது. பிறகு கல்லில் மாவு விழும் ஸ்ஸ். மூன்று தடவை விழுந்தது. மூன்று தடவையும் ஒழுங்காகத்தான் விழுந்தது. முத்துகிருஷ்ணன் கைத்தொழில் தெரிந்தவர். அது அவளுக்கு இன்னும் வலித்தது. கழுத்தில், தோளில், முதுகில் ஒவ்வொன்றாகத் தடிப்பு எழும்புவது தெரிந்தது. சொறியாமல் இருக்க இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கீழே கமிட்டியின் சாப்பாட்டுப் பொறுப்பு பிரியம்வதா என்ற அம்மாளுக்கு. வெள்ளைத் தலைமுடி, பெரிய பொட்டு, கணீரென்ற குரல். தோசையை விண்டு, சட்னி தொடாமல் மென்று பார்த்தாள்.

“மாவு அருமை. இவர் அரைத்ததா?”

“எங்க வீட்டு மாவு தீதி,” என்றான் தமிழரசன்.

“வீட்டில் யார்?”

“வீட்ல... எல்லாரும்தான்.”

பிரியம்வதா தட்டை நகர்த்திவிட்டு கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தாள். “எங்கள் குழுவிலும் இந்தப் போட்டோ வந்திருக்கிறது. இந்தக் கை யாருடையது?”

ஏழுமலை கல்லாவிலிருந்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். “அது பழைய போட்டோ, தீதி. இப்ப அவங்க...” என்று இழுத்தான் தமிழரசன்.

“என்னுது,” என்றது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

சகுந்தலா இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. கழுத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் சிவந்து வீங்கியிருந்தது.

“என் கைதான். மாவும் என்னுதுதான். எட்டு மாசமா இருக்குது. யாருக்கும் ஒட்டாது. ஒட்டறதா இருந்தா மொதல்ல இவருக்குத்தான ஒட்டியிருக்கணும்?” என்று வங்காளத்தில் சொல்லி, கல்லாவைப் பார்த்துக் கண்ணால் காட்டினாள்.

கமிட்டிப் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பிரியம்வதா சிரிக்கவில்லை. அந்தக் கையை, போட்டோவைப் பார்த்ததைவிட நேராகப் பார்த்தாள்.

“ஒட்டாது என்று நீங்கள் சொன்னால் நான் நம்புவேன். ஆயிரம் வீடு நம்பாது. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிச் சனிக்கிழமைக்குள் கொடுங்கள். கொடுத்தால் ஸ்டால் உங்களுடையது.” எழுந்து நின்று சேர்த்துச் சொன்னாள். “இன்னொன்று. கடிதம் வந்தால் கல்லின் முன்னால் நீங்கள்தான் நிற்க வேண்டும். உங்களை மாடியில் ஒளித்து வைத்தால் போட்டோவோடு வந்த பேச்சு உண்மை என்று ஆகிவிடும்.”

அவர்கள் கார் சந்து முனையைத் திரும்புவதற்குள் தேவிப்ரியா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

“மா, அந்த ரிப்போர்ட் செல்லாது!”

“ரிப்போர்ட்டு வந்துடுச்சா?” என்று தமிழரசன் திரும்பினான். “எப்ப?”

“பன்னெண்டு மணிக்கே வந்துச்சு சித்தப்பா. கிருமி இல்லன்னு. ஆனா அது தப்பு. நான்தான் தப்பு பண்ணேன்.” நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்து வந்து மேசையில் போட்டாள். “இத போட்டுக்கிட்டு டெஸ்ட் பண்ணக் கூடாதாம். ரெண்டு வாரம் நிறுத்திட்டுத்தான் பண்ணணுமாம். கிருமி இருந்தாலும் இல்லன்னு காட்டுமாம்.”

எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள்.

“இது மாத்திரையா?” என்றார் ஏழுமலை. “இது கேஸ் மாத்திர.”

“நானும்தான் தெனம் போடறன்,” என்றான் தமிழரசன்.

“நானும்,” என்றார் முத்துகிருஷ்ணன், மெதுவாக.

“ஃபார்ம்ல கேட்டிருந்தாங்க. இல்லன்னு டிக் போட்டது நான். மீட்டிங் கேட்டுக்கிட்டே போட்டேன்.” தேவிப்ரியா அம்மாவிடம் வந்தாள். “என்னால உன்ன மாடிக்கு அனுப்பறதா இருந்தாங்க மா.”

சகுந்தலா மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தடிப்பு பட்ட தோள். எரிந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. “போடி. எழுதச் சொன்ன நோட்டுல நானே எழுதலியே. ஏலக்காய எழுதினன், இத எழுதினனா?”

*

டாக்டர் சென்குப்தா ஐந்து மணிக்குப் போனை எடுத்தார். தேவிப்ரியா ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவில் வைத்தாள். சுற்றி ஐந்து பேர். எல்லோருக்கும் வங்காளம் புரியும்.

முதலில் கடிதம். “தடிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அதை எழுதித் தர எனக்கு ஒரு நிமிஷம் போதும். நாளைக்கு யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.”

பிறகு மாத்திரை. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “எத்தனை நாளாகப் போடுகிறார்?”

“இருபத்திமூன்று வருஷமாக,” என்றாள் தேவிப்ரியா.

“இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். நோட்டிலும் இல்லை, ஃபார்மிலும் இல்லை. நானும் பெயர் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். சரி, அந்த முடிவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுபடி ஊதிப் பார்க்கலாம். கிருமிதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. ஆனால் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.”

தேவிப்ரியா தமிழரசனைப் பார்த்தாள். பூஜைக்கு இன்னும் இருபத்திநாலு நாள் இருந்தது.

தமிழரசன் பிடரியைத் தடவிக்கொண்டான். “சரிதான். கடுதாசியும் வருது, அந்தம்மாவும் அண்ணிதான் நிக்கணும்னுட்டாங்க. ரெண்டு வாரத்துல ஒரு முடிவும் வந்துடும். அண்ணி அடுப்புலயே இருக்கட்டும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க.”

“இதுல என்ன இருக்கு,” என்று முத்துகிருஷ்ணன் எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார். ஆணி காலியானது. காலையிலிருந்து அந்த ஆணியைப் பார்க்காமல் இருக்கச் சகுந்தலா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

“ஒரு நிமிஷம்,” என்றது போன். “நிறுத்தச் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். தீதி பக்கத்தில் இருக்கிறாரா?”

“இருக்கேன் டாக்டர் பாபு.”

“கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். சமீபத்தில் எடை குறைந்திருக்கிறதா? மலம் எப்போதாவது தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா?”

தமிழரசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முத்துகிருஷ்ணன் பையின் ஜிப்பைச் சரிபார்த்தார். ஏழுமலை தரையைப் பார்த்தார்.

“ஏன் டாக்டர், அப்படி இருந்தா?” என்று கேட்டாள் சகுந்தலா.

“இருந்தால் உள்ளே எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது மாத்திரையை நிறுத்தக் கூடாது, இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குழாய் விட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். எத்தனை நாள் இருக்க வேண்டியிருக்கும் என்று பார்த்த பிறகுதான் தெரியும்.”

முத்துகிருஷ்ணன் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. பை தோளில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அது மறுபடி ஆணிக்குப் போய்விடும். அந்த வார்த்தையை ஒரு கொழுந்தனுக்கும் ஒரு அந்நிய ஆணுக்கும் முன்னால் சொல்ல வேண்டும்.

“மா?” என்றாள் தேவிப்ரியா.

“இல்ல டாக்டர் பாபு,” என்றாள் சகுந்தலா. “அதெல்லாம் ஒண்ணுமில்ல.”

“நிச்சயமாக?”

“நிச்சயமா.”

“நல்லது. அப்படியானால் நாளையிலிருந்து நிறுத்திவிடுங்கள். முதல் சில நாள் எரிச்சல் அதிகமாக இருக்கும். தாங்க முடியாவிட்டால் கூப்பிடுங்கள். ஏதாவது மாறினால் உடனே, எந்த நேரமானாலும்.” போன் அணைந்தது.

முத்துகிருஷ்ணன் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தமிழரசன் வழியனுப்பப் போனான். சாயங்காலக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. வாசல் மேசையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஏழுமலை மனைவியைப் பார்த்து, எட்டு மாதத்தில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தார். “ரெண்டு மசாலா, ரெண்டு சாதா.”

தேவிப்ரியா நோட்டை எடுத்து விரித்தாள். “இனிமே நான் எழுதறேன். நீ சொல்லு.”

“எழுதிக்கோ. காலம்பற அஞ்சரை. கேஸ் மாத்திர ஒண்ணு.”

எழுதினாள். “அப்புறம் டாக்டர் கேட்டது. எடை, அந்த இன்னொண்ணு. ரெண்டுக்கும் இல்லன்னு எழுதட்டுமா?”

“ம்.”

போன வியாழக்கிழமையும் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் இல்லை என்றுதான் சொன்னாள். தேவிப்ரியா இந்தத் தடவை நோட்டைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

சகுந்தலா கொடியில் கிடந்த ஏப்ரனை எட்டி எடுத்தாள். கை உயர்ந்தது. கண்ணாடி வளையல்கள் காலையில் போலவே சலசலவென்று நழுவி முழங்கை வரைக்கும் போயின. தை மாதம் இதே வளையல்களைப் போட்டுவிடச் சோப்பு தடவ வேண்டியிருந்தது. தடவிவிட்டவளே தேவிப்ரியாதான்.

பேனா நோட்டைத் தொட்ட இடத்திலேயே நின்றது.

“மா. கடைசியா நீ எப்ப எடை பார்த்த?”

சகுந்தலா அடுப்பைத் தூண்டிவிட்டாள். கல்லின் மேல் தண்ணீர் தெளித்தாள். அது சீறி அடங்கும் வரை திரும்பவே இல்லை.

“கல்லு காயுது. தள்ளி நில்லு.”